எந்தக் கண்ணாடி சில்லு கொடுக்கும்?

கோணம், தட்டும் தளம், சில்லு ஓடும் திசை எல்லாவற்றையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். கையில் எடுக்கும் பொருள் சரியில்லையென்றால் அந்தப் பாடங்கள் அத்தனையும் வீண். பழகத் தொடங்கியவர்களில் பலர் சலித்துப்போய் விட்டுவிடுவதற்கு அவர்களுடைய கை காரணமே அல்ல. அவர்கள் எடுத்த கண்ணாடிதான் காரணம். ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் கண்ணாடியைப் பார்த்து எடுப்பது பற்றியே.

கல் இருக்கக் கண்ணாடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழங்கற்காலக் கருவி குவார்ட்சைட்டால் ஆனது. கல்லால் கல்லை ஓங்கி அடித்துச் செய்யும் கைக்கோடரிக்கு அந்தக் கல் அருமையாக ஒத்துழைக்கும். ஆனால் ஒரு செம்புக் கம்பியின் முனையை விளிம்பில் ஊன்றி, அழுத்தியே மெல்லிய சில்லுகளை வரிசையாகப் பெயர்க்கும் வேலைக்குக் குவார்ட்சைட் இடம் கொடுக்காது. தென்மாவட்டத் தேரிகளில் கிடைக்கும் நுண்கருவிகளின் குவார்ட்ஸும் செர்ட்டும் சிறு சிறு துண்டுகளாகவே கிடைக்கும். மெக்சிகோவிலும் ஆர்மீனியாவிலும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் கட்டி கட்டியாகக் கிடைக்கும் அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி நம் ஊரில் கிடைப்பதில்லை. அழுத்திப் பெயர்க்கும் கலையை இங்கே ஒருவர் பழக வேண்டுமென்றால் கண்ணாடிதான் வழி.

அதை மட்டமான மாற்றுப்பொருள் என்று நினைக்கவும் வேண்டாம். அப்சிடியனில் நூற்றுக்கு எழுபதிலிருந்து எழுபத்தைந்து பங்கு சிலிக்கா. நம் ஜன்னல் கண்ணாடியிலும் பாட்டிலிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். இரண்டுக்குமே உள்ளே படிக அடுக்கு கிடையாது. அதனால் விசை எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் விரிசலும் போகும். சங்கின் உட்புறம்போல் வளைந்த, வழவழப்பான முறிவு இரண்டிலும் ஒன்றே.

முதல் கேள்வி: இது எப்படி ஆறியது?

நிறம், தடிமன், அளவு எல்லாம் அப்புறம். கையில் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்ததும் உங்கள் மனதில் எழ வேண்டிய கேள்வி, உலையிலிருந்து வெளியே வந்த பிறகு இது எப்படி ஆறியது என்பதே.

உருகிய கண்ணாடி ஆறும்போது மேல்தோல் முதலில் இறுகும், உள்ளே இன்னும் சூடாக இருக்கும். பின்னால் உள்பகுதி ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது இறுகிப்போன மேல்தோல் விட்டுக்கொடுக்காது. இந்த இழுபறி கண்ணாடிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் தொழிற்சாலைகளில் பாட்டிலையும் தட்டுக் கண்ணாடியையும் நீண்ட ஆற்றுலை வழியாக மெல்ல நகர்த்துகிறார்கள். சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி சுமார் 550 டிகிரி செல்சியஸ் அருகே சற்று நேரம் நின்றால் உள்ளிருக்கும் இறுக்கம் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு நிதானமாகக் குளிரவிட்டால் அமைதியான கண்ணாடி கிடைக்கும். நமக்கு வேண்டியது அந்த அமைதிதான்.

அமைதியில்லாத கண்ணாடி என்ன செய்யும் என்பதற்கு 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அரசவைகளில் காட்டி வியந்த ஒரு பொருளே சாட்சி. உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் விட்டு ஆறவைப்பார்கள். வால் முளைத்த துளியாக அது இறுகும். இளவரசர் ரூபர்ட்டின் பெயரால் அதை அழைக்கிறார்கள். துளியின் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வாலின் நுனியைக் கிள்ளினால் முழுத் துளியும் பொடியாகத் தெறிக்கும். இதே தத்துவத்தை வணிகமாக்கியதே இன்று கண்ணாடிக் கடைகளில் டஃபன்ட் கிளாஸ் என்று விற்பது. தட்டுக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் குளிர்காற்றைப் பீய்ச்சி ஆறவைப்பார்கள். மேல்தோல் அழுந்தியும் உள்பகுதி இழுபட்டும் நிற்கும். விரிசல் அந்த அழுந்திய தோலைத் தாண்டி உள்ளே நுழைந்த நொடியில் தட்டு முழுவதும் பயறு பயறாக உதிரும். அதில் ஒரு சில்லுகூட ஒழுங்காக எடுக்க முடியாது.

எனவே கீழ்க்கண்டவற்றைத் தொடவே வேண்டாம்: கார், பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி, சட்டமில்லாமல் நிற்கும் கடைக் கதவு, குளியலறைத் தடுப்பு, சோலார் தகட்டின் மேல்கண்ணாடி, கேஸ் அடுப்பின் மேல்தட்டு, கீழே போட்டாலும் உடையாது என்று விற்கும் டம்ளரும் வெள்ளைத் தட்டும். உயர் மின்கோபுரங்களில் தொங்கும் பச்சைக் கண்ணாடி வட்டுகளும் இதே வகைதான், தடிமனைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். காரின் முன்கண்ணாடி வேறு விதம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டியிருப்பார்கள், பிரித்தெடுக்கும் பாட்டுக்கு அது தகாது. கம்பிவலை பதித்த கண்ணாடியும் அப்படியே. கட்டடத்துக்குப் போன டஃபன்ட் தட்டின் ஒரு மூலையில் பெரும்பாலும் சிறிய முத்திரை பொறித்திருக்கும், ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணோடு. முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள். உடைந்த தட்டின் மீதிப் பகுதியில் மூலையே இல்லாமல் போகலாம்.

வீட்டிலேயே செய்யும் ஒரு சோதனை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள நேர்ந்தால் அது இதுவாக இருக்கட்டும். எல்.சி.டி. திரையுள்ள மடிக்கணினி ஒன்றும், போலரைஸ்டு வகைக் கூலிங் கிளாஸ் ஒன்றும் போதும்.

திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கள். கூலிங் கிளாஸைக் கையில் பிடித்து, அதன் ஒரு வில்லை வழியாகத் திரையைப் பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். அந்தக் கோணத்தை மாற்றாமல், திரைக்கும் வில்லைக்கும் நடுவே உங்கள் கண்ணாடித் துண்டைக் கொண்டுவாருங்கள். நன்றாக ஆறிய கண்ணாடி அந்தக் கறுப்பைக் கலைக்காது. துண்டு இருப்பதே விளிம்பை வைத்துத்தான் தெரியும். இறுக்கம் உள்ளே இருந்தால், இருட்டுக்குள் வெளிச்சம் பூக்கும். டஃபன்ட் தட்டில் சாம்பல் நிறத் திட்டுகள் வரிசையாகத் தெரியும், குளிர்காற்று பட்ட குழாய்முனைகளின் தடம் அது. அவசரமாக ஆறிய கட்டியில் வானவில் நிறங்கள் பட்டைபட்டையாக வளையும். பட்டைகள் எங்கே நெருக்கமோ அங்கே இறுக்கம் அதிகம். துண்டை அதே தளத்தில் நாற்பத்தைந்து டிகிரி திருப்பியும் பாருங்கள், ஒரு நிலையில் ஒளிந்திருப்பது இன்னொரு நிலையில் வெளிப்படும்.

பாட்டிலின் அடிப்பாகத்தையும் இப்படியே பார்க்கலாம். அடர் பழுப்புப் பாட்டிலாக இருந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். விளிம்போரத்தில் மங்கலான ஒரு வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை. நடுவே நிறம் தெரிந்தால் குப்பைக்கு. கடைக்குப் போகும்போது கூலிங் கிளாஸைக் கையோடு கொண்டுபோங்கள். பகலில் நீலவானத்தை, சூரியனிலிருந்து செங்கோணத் திசையில், பின்புலமாக வைத்தும் ஓரளவு பார்க்க முடியும். நல்ல டஃபன்ட் தட்டில் அந்தத் திட்டுகள் அப்போதே கண்ணில் பட்டுவிடும்.

பாட்டிலின் அடி

உலகம் முழுக்கக் கண்ணாடிக் கருவி செய்தவர்கள் முதலில் கைவைத்தது பாட்டிலில்தான். 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே தனியாக வெளிப்பட்ட யாஹி இனத்தவரை மானுடவியலாளர்கள் இஷி என்று அழைத்தார்கள். 1916 மார்ச்சில் காசநோயால் இறக்கும்வரை சான்ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். வந்தவர்கள் பார்க்க அம்புமுனை செதுக்கிக் காட்டினார். அப்சிடியனோடு பாட்டில் கண்ணாடியையும் தட்டுக் கண்ணாடியையும் அவர் எடுத்துக்கொண்டார். அந்த முனைகளின் மெல்லிய, சீரான சில்லுத் தடங்களை இன்றும் செதுக்குபவர்கள் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிப் பழங்குடிகள் பாட்டில் கண்ணாடியில் செய்த ஈட்டிமுனைகளின் பல்விளிம்பு இன்னும் நுட்பமானது. 1872-இல் அந்தக் கண்டத்தின் குறுக்கே தந்திக்கம்பி போட்ட பிறகு, கம்பத்திலிருந்த பீங்கான் இன்சுலேட்டர்களும் அங்கே கருவியாயின. நமக்கு அருகே அந்தமான் தீவுவாசிகள் பாட்டில் சில்லால் தலை மழித்துக்கொண்டதையும் உடலில் கோடு கீறிக்கொண்டதையும் 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன.

இவர்கள் எல்லோரும் கண்ட உண்மை, பாட்டிலில் தடிமன் இருப்பது அடியில் என்பது. பீர் பாட்டிலின் பக்கச்சுவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். சுவர் அடியோடு சேரும் முட்டியில் அது இரண்டு மடங்குக்கும் மேல் தடிக்கும். ஆரம்பத்தில் இதைவிட மலிவான பாடசாலை கிடையாது.

ஆனால் எல்லா அடியும் ஒன்றல்ல. பழைய பாட்டில் கடையில் நின்று, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஓர் அடிக்கோலை அடியின் குறுக்கே வைத்தால் நடுவே எவ்வளவு குழிகிறது என்று தெரியும். குழிவு குறைந்ததை எடுங்கள். குழிந்த பரப்பில் சில்லு தூரம் ஓடாது, பாதியிலேயே அறுந்து படிபோல் நின்றுவிடும். ஒயின் பாட்டிலின் ஆழமான உட்குழிவு தடிமனாகத் தோன்றினாலும் வளைவு உங்களைப் பாடாய்ப் படுத்தும். அடியில் பொறித்த எழுத்து, எண், விளிம்பைச் சுற்றி இருக்கும் சிறு புள்ளிமேடுகள் ஆகியவற்றையும் கவனியுங்கள். சில்லு அந்த மேட்டில் முட்டினால் திசைமாறும். எழுத்து குறைவாக, மேடு தாழ்வாக உள்ள அடி நல்லது. சாராய வகைகளின் தட்டையான கால் பாட்டில், சதுர பாட்டில் இரண்டும் இன்னொரு நன்மை தரும். அவற்றின் அகன்ற பக்கம் சில நேரம் நாலைந்து மில்லிமீட்டர் தடிமனோடு கிட்டத்தட்டச் சமதளமாக இருக்கும். சிறிய அம்புமுனைக்கு அது போதும்.

அடியைத் தனியாகக் கழற்ற ஒரு பழைய வழி உண்டு. பாட்டிலை நன்றாகக் காயவைத்து, கனமான கோணிப்பைக்குள் வையுங்கள். கூர்முனை கீழே பார்க்கும்படி நீளமான இரும்புக் கம்பி ஒன்றைப் பாட்டில் வாய்வழியாக உள்ளே விட்டு, கையளவு உயரத்திலிருந்து அடியின் நடுவே திரும்பத் திரும்ப விழவிடுங்கள். ஓங்கிக் குத்த வேண்டாம். சில தட்டில் அடி வட்டமாகப் பெயர்ந்து விழும். கண்கவசமும் தோல் கையுறையும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

ஒரு வேண்டுகோள். கையால் ஊதிய, குமிழி நிறைந்த பழங்காலப் பாட்டில்கள் அகழாய்விலோ பழைய வீட்டிலோ கிடைத்தால் அவற்றை உடைக்காதீர்கள். அது வரலாற்றுப் பொருள். நமக்கு நேற்றைய பாட்டிலே ஏராளம்.

தட்டுக் கண்ணாடி

பாட்டில் அடியில் பழகியவர்கள் அடுத்து வர வேண்டிய இடம் கண்ணாடிக் கடையின் பின்புறம். மேசைமேல் போடும் தட்டு, அலமாரித் தட்டு, மீன்தொட்டி இவற்றுக்கு வெட்டிய பிறகு மிஞ்சும் கீற்றுகளைக் கட்பீஸ் என்று மூலையில் போட்டிருப்பார்கள். பல கடைகளில் எடைக்கோ சும்மாவோ கொடுத்துவிடுவார்கள். பிளெயின் கிளாஸ், டஃபன்ட் பண்ணாதது என்று கேளுங்கள். மீன்தொட்டிக் கடையிலும் கேட்கலாம். வைரத்தால் கோடுபோட்டு வெட்டிய கீற்று என்றால் அது டஃபன்ட் அல்ல என்பதற்கு அதுவே அத்தாட்சி. டஃபன்ட் ஆன பிறகு எதையும் வெட்ட முடியாது.

இன்று கிடைக்கும் தட்டுக் கண்ணாடி அநேகமாக எல்லாமே உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் மிதந்து பரவியது. பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த முறை இது. இரண்டு பக்கமும் சமதளம், தடிமன் ஒரே சீர், குமிழி அபூர்வம், ஆற்றியதும் நிதானமாக. பழகுபவருக்கு இதைவிட நம்பகமான பொருள் இல்லை என்பது என் துணிபு. அடுத்தடுத்து பத்துத் துண்டுகள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பதால், தவறு எங்கே நடந்தது என்று உங்களுக்குப் புரியும்.

தடிமன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நாலு எம்.எம். ஜன்னல் கண்ணாடி வேண்டாம், விளிம்பைத் திருப்பி முடிப்பதற்குள் பொருள் தீர்ந்துவிடும். ஐந்து, ஆறு எம்.எம். என்றால் விரல் அகல முனை வரும். எட்டும் பத்தும்தான் தொடக்கத்துக்குச் சரியானவை, விரல்நீளத்துக்கு ஒரு முனை செய்யவும் இரண்டொரு பிழையைத் திருத்திக்கொள்ளவும் இடமிருக்கும். பன்னிரண்டு எம்.எம். கைவந்தவர்களுக்கு. பத்தொன்பது எம்.எம். கிடைத்தால் அதை அழுத்தி மட்டும் முடிக்க முடியாது, முதலில் தட்டி மெலிய வைக்க வேண்டும். அகலத்தையும் தடிமனோடு சேர்த்தே பாருங்கள். சில்லு விளிம்பிலிருந்து நடுக்கோடுவரை ஓடியாக வேண்டும். எட்டு எம்.எம். தட்டில் மூன்று நாலு சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வைத்தால், நடுவே பழைய தட்டின் பளபளப்பு ஒரு தீவாக மிஞ்சும்.

தட்டின் குறை அதன் ஒழுங்குதான். விளிம்பு சரியாகத் தொண்ணூறு டிகிரி, முகம் துளிகூட மேடில்லை. செங்கோண விளிம்பில் ஊன்றி அழுத்தினால் சில்லு கிளம்பாது, விளிம்பு நொறுங்கும். முதலில் ஒரு மூலையைச் சாணைக்கல்லால் சாய்வாக, தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தளம் உண்டாக்க வேண்டும். பாலிஷ் பிடித்த உருண்டை விளிம்புள்ள மேசைத் தட்டு கிடைத்தால் அதையும் இப்படித் தேய்த்த பிறகே தொடுங்கள். கண்ணாடி வியாபாரியின் வைரக்கோடு சில இடங்களில் பக்கவாட்டில் நுண்விரிசல்களை விட்டிருக்கும். அந்த ஓரத்தை ஒரு மில்லிமீட்டராவது தேய்த்து எடுத்துவிடுவது நல்லது.

முகம் பார்க்கும் கண்ணாடியும் தட்டுக் கண்ணாடிதான். பின்புறப் பூச்சைச் சுரண்டிப் பயன்படுத்தலாம், ஆனால் பூச்சின் தூளைச் சுவாசிக்கத் தேவையில்லை. கட்பீஸ் கிடைக்கும் ஊரில் அந்தச் சிரமம் எதற்கு?

தட்டையும் பாட்டிலையும் தாண்டி

நிறத்துக்காகத் தேடுபவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் பலகைக் கண்ணாடி. தேவாலய ஜன்னல்களுக்காக இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தடிமனில் வார்க்கும் வண்ணப் பலகைகளை அமெரிக்கச் செதுக்குநர்கள் விரும்பி வாங்குகிறார்கள். மேற்கு வர்ஜீனியாவின் மில்டன் ஊரிலுள்ள பிளென்கோ நிறுவனம் அவற்றுக்குப் பேர்போனது. ஆழமான சிவப்பு, கோபால்ட் நீலம், பாட்டிலில் கிடைக்காத மஞ்சள் எல்லாம் அதில் உண்டு. விலை அதிகம் என்பதால் கை தேறிய பிறகு வாங்குவதே நியாயம்.

நிறம் முறிவை மாற்றாது. பழுப்புக்கு இரும்பும் கந்தகமும், பச்சைக்கு இரும்போ குரோமியமோ, நீலத்துக்குக் கோபால்ட் எனச் சேர்வது சொற்ப அளவே. ஒரே ஒரு விலக்கு, பளீரென்ற ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் வகைகளில் சில காட்மியம் சேர்ந்தவை. அவற்றின் தூள் கெடுதலானது, தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். பல நிறம் வரிவரியாகக் கலந்த கண்ணாடியில் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவில் சுருங்கியிருந்தால் வரிகளின் சந்திப்பில் இறுக்கம் இருக்கும். கூலிங் கிளாஸ் சோதனை இங்கே மிகவும் உதவும்.

மீன்தொட்டி அலங்காரத்துக்கும் தோட்டத்துக்கும் விற்கும் கண்ணாடிப் பாறைகளைக் கண்டால் மனம் தாவும். பார்க்க அப்சிடியனேதான். பெரும்பாலும் இவை உலையை வடிக்கும்போது வழிந்து, ஆற்றுலைக்குப் போகாமல் தானே குளிர்ந்த கட்டிகள். உள்ளே வெள்ளி இழைகள்போல மின்னும் பரப்புகள் தெரிந்தால் அவை ஏற்கெனவே ஓடிவிட்ட விரிசல்கள். ஓங்கித் தட்டினால் எதிர்பாராத திசையில் வெடித்துத் தெறிக்கும். இத்தகைய கட்டியை வாங்குவதானால், முகம் இரண்டு தேய்த்துத் தெளிவாக்கி, திரைமுன் பிடித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். ஃபிரோசாபாத்தில் வளையலுக்கும் மணிக்கும் வார்க்கும் வண்ணக் கட்டிகள் கைக்கு வந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

சில கண்ணாடிகள் பார்வைக்குச் சாதாரணம், குணத்தில் வேறு. சமையல் பாத்திரமாகவும் ஆய்வுக்கூடக் குடுவையாகவும் வரும் போரோசிலிகேட் கண்ணாடியில் சிலிக்கா எண்பது சதவீதம். சூட்டுக்கு அது மூன்றில் ஒரு பங்குதான் விரியும். செதுக்க முடியும், ஆனால் கை அழுத்தத்துக்கு அடம்பிடிக்கும், குடுவைச் சுவரோ மெல்லியது. அதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான வழி: சூரியகாந்தி எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் துண்டை அமிழ்த்துங்கள். போரோசிலிகேட் என்றால் துண்டின் கோடுகள் எண்ணெய்க்குள் கரைந்ததுபோல் மறைந்துவிடும், ஏனென்றால் இரண்டும் ஒளியை வளைக்கும் அளவு ஏறக்குறைய ஒன்று. சாதாரணக் கண்ணாடி தெளிவாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

கனமான, வெட்டு வேலைப்பாடுள்ள கிரிஸ்டல் கிண்ணங்களை ஒதுக்குங்கள். முழுமையான கிரிஸ்டலில் நூற்றுக்கு இருபத்துநாலு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு இருக்கும். மென்மையாகச் சில்லு கொடுக்கும் என்பது உண்மை. அதன் தூள் விரலிலிருந்து வாய்க்குப் போகும் என்பதும் உண்மை. சந்தேகமென்றால் தராசில் எடை பாருங்கள், பிறகு ஓர் அளவுக்குவளைத் தண்ணீரில் போட்டு நீர் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். கன சென்டிமீட்டருக்கு இரண்டரை கிராம் வந்தால் சாதாரணக் கண்ணாடி. மூன்றை நெருங்கினாலோ தாண்டினாலோ ஈயம். பழைய டி.வி. குழாயின் முன்முகக் கண்ணாடி தடிமனாக இருக்கும், சிலர் அதைச் செதுக்குகிறார்கள். குழாய்க்குள் வெற்றிடம், பின்பகுதியில் ஈயம், உட்புறத்தில் ஒளிர்பூச்சு. இத்தனையும் சேர்ந்த பொருளை வீட்டில் உடைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உள்ளிருக்கும் குறைகள்

ஆறிய விதம் சரி, வகை சரி என்றான பிறகு அந்தத் துண்டையே பாருங்கள். சந்தையில் பானை வாங்குபவர்கள் செய்வதுபோல முதலில் தட்டிக் கேளுங்கள். ஒரு முனையை இரண்டு விரலால் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினால் கணீரென்று ஒலி நீள வேண்டும். மொத்தையாக அடங்கினால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து உள்ளே நோக்குங்கள். குண்டூசித் தலையளவு குமிழி ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை, முனையின் மெல்லிய பகுதியில் வராதபடி துண்டைத் திருப்பிக்கொள்ளலாம். உருகாமல் தங்கிய வெண்புள்ளி மோசமானது. அதைச் சுற்றிக் கண்ணாடி இறுகியிருக்கும், விரிசல் அங்கே வந்ததும் நிற்கும் அல்லது வெடிக்கும். பாகில் தெரியும் இழைபோலக் கண்ணாடிக்குள் நெளிந்த கோடுகள் தெரிந்தால் கலவை சீராக இல்லை என்று பொருள், அதிகம் இல்லாவிட்டால் வேலை நடக்கும்.

மேற்பரப்புக் கீறல்களை மக்கள் பொருட்படுத்துவதில்லை, நான் பொருட்படுத்துகிறேன். கண்ணாடி முறிவது அதன் மேலுள்ள நுண்கீறல்களிலிருந்துதான் என்பதை 1920-களின் தொடக்கத்தில் ஆலன் கிரிஃபித் விளக்கிவிட்டார். மணலில் கிடந்து தேய்ந்த துண்டு, வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்த துண்டு இரண்டும் நீங்கள் ஊன்றிய இடத்தை விட்டு வேறெங்கோ விரிசலைத் தொடங்கக் கூடும். வேறு வழியில்லையென்றால் அந்தத் தோலை முழுதும் சில்லாக எடுத்த பிறகே வடிவத்தைத் தொடங்குங்கள்.

ஒரு சில்லு சொல்லும் சாட்சி

எத்தனை சோதனை செய்தாலும் இறுதித் தீர்ப்பு ஒரு சில்லில்தான். மரப்பிடியில் செருகிய தடித்த செம்புக்கம்பி போதும். மான்கொம்பு முனை சிறந்தது என்று அயல்நாட்டு நூல்கள் சொல்லும், ஆனால் நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

உள்ளங்கையில் தடித்த தோல் வைத்து, துண்டின் தேய்த்த விளிம்பு கீழ்ப்பக்கம் சாயும்படி பிடியுங்கள். செம்புமுனையை ஊன்றி, முதலில் உள்நோக்கி அழுத்தம் ஏற்றி, பிறகு சற்றே கீழே தள்ளுங்கள். டிக்கென்று ஓர் ஒலி. தோலின் மேல் விழுந்த சில்லை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊன்றிய இடத்தில் சிறு புடைப்பு, அதிலிருந்து குளத்தில் கல் விழுந்த அலைவட்டங்கள் விரிய வேண்டும், முடிவில் இழைபோல மெலிந்து தீர வேண்டும். துண்டில் விட்ட பள்ளம் நனைந்ததுபோல் மின்ன வேண்டும். அலை நடுவில் குலைந்து, நுனி உருண்டு மடங்கியிருந்தால் உங்கள் அழுத்தமோ பரப்பின் வடிவமோ காரணமாக இருக்கலாம், இன்னொரு விளிம்பில் மறுபடியும் பாருங்கள். மூன்று இடத்தில் முயன்று மூன்றிலும் சில்லு ஊன்றிய இடத்துக்குச் சம்பந்தமில்லாத திசையில் ஓடினால் கண்ணாடியைக் குறைசொல்லலாம். பரப்பு மின்னாமல் சர்க்கரைபோல் மங்கலாக இருந்தால் உள்ளே படிகம் வளர்ந்திருக்கிறது. அடுப்புத் தட்டுக்குச் செய்யும் கண்ணாடிப் பீங்கானில் இப்படி நேரும், அதை விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் தனித்தனியே சுற்றி, வகையும் தடிமனும் கிடைத்த இடமும் எழுதி வையுங்கள். ஒரே கடையின் கட்பீஸ் ஒரே மாதிரி நடக்கும் என்பதால் அந்தக் குறிப்பு பிறகு பெரிய உதவி. சில்லு பெயர்க்கும்போது விரித்த கனத்த துணியில் விழுந்த தூசியும் துகளும் ஒன்றுவிடாமல் தடித்த டப்பாவில் போட்டு மூடி, கண்ணாடி என்று எழுதிக் குப்பை எடுப்பவரிடம் சொல்லிக் கொடுங்கள். வயலிலோ ஆற்றங்கரையிலோ கொட்டாதீர்கள். பிற்காலத்தில் அந்த இடத்தைத் தோண்டும் ஆய்வாளர் அதைப் பழங்காலத்துச் சில்லு என்று எண்ணிவிட நேரும். வெளியே பழக வேண்டியிருந்தால், மேல்நாட்டுச் செதுக்குநர்கள் செய்வதுபோல அந்த வருட நாணயம் ஒன்றை அடியில் புதைத்துவிடுங்கள்.